இரண்டு வீட்டுத் தலையணை

கரைத்தீவு
2025 ஆகஸ்ட் 4

ஃபஹ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம்.

அவர் உம்மை நிக்காஹ் செய்துகொண்டு வந்து நின்ற அன்று, "அவள்ட குரல் என்ட காதுல விழக்கூடாது" என்று சொன்னேன். மூன்று வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறேன். உமது நம்பர் என் போனில் இல்லை, இனியும் இருக்காது. எழுத்துக்குக் குரல் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இதை அவருடைய தலையணை உறையின் அடிமடிப்பில் வைத்திருக்கிறேன். இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே என்று போகிற மனுஷன், எங்கே போனாலும் அந்த இலவம்பஞ்சுத் தலையணையை லொறியில் போட்டுக்கொண்டுதானே போகிறார். உறை மாற்றும்போது உமக்குக் கிடைக்கும். நீர் ரோசாப்பூ உறை போட்டு அனுப்புகிறீர். நான் அதைக் கழற்றி என் வெள்ளை உறையைப் போட்டு அனுப்புகிறேன். இதுவரை நமக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் எழும்பும்போதே தலையிடி என்கிறார். சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே கண் சொருகுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் தொடங்கினால் பக்கத்து ஆளின் தோளில் சாய்கிறாராம். போன கிழமை புத்தளத்தில் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் கழுத்தைச் சுற்றி அளந்தார், தொண்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வருத்தமாக இருக்கலாம் என்றார். கொழும்பில் ஓர் இரவு தங்கி நித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டுமாம். விட்டால் இருதயத்தைப் பிடிக்குமாம். லொறி ஓட்டுகிறவர் என்றதும் டொக்டருடைய முகமே மாறிவிட்டது.

கூடப் படுக்கிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டார். எனக்கா தெரியாது? இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறேன். கூரை ஓட்டுச் சலாகை அதிர்கிற குறட்டை. பிறகு திடீரென்று ஒன்றும் இல்லை. நெஞ்சு ஏறுகிறது, காற்றுப் போவதில்லை. அவருடைய தோள்பக்கம் ஓரிடம் இருக்கிறது, அங்கே இரண்டு விரலால் தொட்டால் புரண்டு படுப்பார், மூச்சு வந்துவிடும். நான் அரை நித்திரையிலேயே தொட்டுவிடுவேன். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போகும்போது, "இங்க நிக்கிற நாள்ல" என்று வாய் தவறி வந்துவிட்டது. டொக்டர் நிமிர்ந்து, மற்ற நாளில் எங்கே என்றார். மனுஷன் கூரையைப் பார்த்தார். "மதுரங்குளியில" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. என் வாயால்.

அதனால் டொக்டருக்காகக் கேட்கிறேன், எனக்காக அல்ல. உமது வீட்டில் குறட்டை உண்டா? மூச்சு நிற்கிறதா? திணறி எழும்புகிறாரா? கேட்டதற்கு மட்டும் பதில் போதும்.

கைருன்னிஸா

*

மதுரங்குளி
2025 ஆகஸ்ட் 7

கண்ணியமான ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம் வரஹ்மத்துல்லாஹ். உங்கள் கடிதம் கையில் பட்டதும் பயந்துபோனேன். பிறகு எழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். நீங்கள் படித்தவர் என்று அவர் சொன்னதில்லை. உங்களைப் பற்றி இங்கே அதிகம் கதைப்பதில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இந்த வீட்டில் அவர் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. சத்தம் சந்தடி ஒன்றும் இல்லை. ஸுபஹுக்கு நான் எழும்பும்போது, அவர் எனக்கு முன்பே எழும்பி முகம் கழுவி, தலை வாரி, பளிச்சென்று இருக்கிறார். தலையிடி என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

உங்கள் பக்கம் உப்புக்காற்றும் தூசியும் அதிகம் என்கிறார்கள். அதனால் மூக்கு அடைத்துக்கொள்கிறதோ என்னவோ. டொக்டரிடம் அதையும் சொல்லிப் பாருங்கள்.

உறையைப் பற்றிக் கோபிக்க வேண்டாம். அழுக்காக வருகிறது, மாற்றி அனுப்புகிறேன். நான் ஒரு நல்ல ஸ்பொஞ் தலையணை வாங்கி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் பொலித்தீனைக் கூடக் கழற்றவில்லை.

துஆவுடன்,
ஃபஹ்மியா

*

கரைத்தீவு
2025 ஆகஸ்ட் 9

ஃபஹ்மியாவுக்கு,

ஸலாம். ராத்தா என்று எழுத வேண்டாம். என் உம்மாவுக்கு நான் கடைசிப் பிள்ளை, எனக்குத் தங்கச்சி கிடையாது.

உமது கடிதத்தை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பொறாமைதான். நீர் சிவப்பா கறுப்பா என்று நான் கவலைப்பட்டதில்லை. உமக்கு என்ன வாங்கிக் கொடுக்கிறார் என்று ஒருநாளும் பையைத் துழாவிப் பார்த்ததில்லை. ஆனால் உமது வீட்டில் அந்த மனுஷன் சத்தமில்லாமல் நித்திரை கொள்கிறார் என்பது நெஞ்சில் நெருப்பை வைத்தமாதிரி இருக்கிறது. என் வீட்டில் சாவோடு மல்லுக்கட்டுகிறவர், அங்கே குழந்தைமாதிரி உறங்குகிறாராமே. அப்படியானால் அவருக்கு வருத்தம் நான்தானா?

அவரும் அதையேதான் சொல்கிறார். கொழும்பு ஆஸ்பத்திரியில் 27ஆம் திகதி இரவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சொன்னதும் துள்ளிக் குதித்தார். "எனக்கென்ன நோய் புள்ள? மதுரங்குளியில எனக்கு ஒண்டுமில்ல. இங்கதான் இந்தக் கர்மம். தெரியாத ஊருல, தெரியாத பொம்பிளப் புள்ளயளுக்கு முன்னால வாயத் தொறந்துட்டுப் படுக்கச் சொல்றியா?" என்றார். உமது கடிதத்தின் வரியை அவர் வாயால் கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா என்று கூட நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நேற்றிரவு வழமையைவிட நீண்ட நேரம் மூச்சு நின்றது. ஒரு தொடுதலுக்கு எழும்பவில்லை. எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். காலையில், "கனாக் கண்டிருப்பாய்" என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நீர் சொன்னால் கேட்பாராக இருக்கும். பரிசோதனைக்குப் போகச் சொல்லும். உம்மிடம் ஒன்றைக் கேட்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை, கேட்கிறேன்.

கைருன்னிஸா

*

மதுரங்குளி
2025 ஆகஸ்ட் 20

ராத்தாவுக்கு,

வேண்டாம் என்றீர்கள், எனக்கு வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

அவர் பாலாவியில் லொறியை உப்பு வாய்க்காலுக்குள் இறக்கியதை உங்களிடம் என்னவென்று சொன்னாரோ தெரியாது. மாடு குறுக்கே வந்தது என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். நேற்று லொறி முதலாளி முஸம்மில் ஹாஜியாரே வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"மாடா? நான் போய்ப் பாத்தேன் மகள். ரோட்டுல பிரேக் புடிச்ச தடமே இல்ல. பட்டப்பகல், நேரான ரோடு. நூஹு நித்திரயிலதான் எறக்கியிருக்கான்" என்றார். பிறகு அவரைப் பார்த்து, "அந்தக் கொழும்புச் சோதனையச் செஞ்சு டொக்டர்ட கடதாசியோட வா. அதுக்குப் பொறகுதான் சாவி" என்று கையை நீட்டினார். இவர் சாவியைக் கொடுத்தார். வாய்க்காலுக்குப் பதிலாக எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பரிசோதனைக்கு ஓம் என்றுவிட்டார். அதற்கு நான் இராத்திரி முழுக்கக் கதைக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட ஓர் ஆள்தான் தங்கலாம் என்கிறார். 27ஆம் திகதி என்னுடைய இரவு. கணக்குப் பார்த்துவிட்டேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் நான்தான் போவேன். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் உங்கள் இரவில் நான் ஒருநாளும் தலையிட்டதில்லை.

தோள்பக்கம் ஓரிடத்தில் தொட்டால் மூச்சு வரும் என்று எழுதினீர்களே, அது எந்த இடம் என்று எழுதுங்கள். ஆபத்துக்கு உதவும்.

ஃபஹ்மியா

*

கரைத்தீவு
2025 ஆகஸ்ட் 21

ஃபஹ்மியாவுக்கு,

ஸலாம். எழுதமாட்டேன்.

வீட்டில் பாதி, அவரில் பாதி, பெருநாளில் பாதி எல்லாம் கொடுத்தாயிற்று. அந்த இடம் மட்டும் என்னிடம் இருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, டொக்டருக்கும் தெரியாது. மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது நித்திரை வராமல் கிடந்து நானாகக் கண்டுபிடித்தது. அதையும் கேட்கிறீரே, எப்படி மனம் வந்தது?

வாய்க்கால் கதையை இங்கேயும் மாடு என்றுதான் சொன்னார். ஒரே மாட்டை இரண்டு வீட்டிலும் கட்டியிருக்கிறார்.

27ஆம் திகதி உமது இரவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது படுக்கைக்கான இரவா, ஆஸ்பத்திரிக்கான இரவா? வருத்தக்காரனுக்குத் துணை போக வருத்தம் தெரிந்தவள் போக வேண்டாமா? நீரே எழுதியிருக்கிறீர், அவருடைய குறட்டையைக் கேட்டதில்லை என்று. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளையை அனுப்புவார்களா?

யார் போனாலும் ஆயத்தம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி நேர்ஸ் போனில் சொன்னதை எழுதுகிறேன். அன்று மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணீர் கூடாது. அவருடைய பிளேன்டீயை நிறுத்துவது உமது பாடு. பகலில் ஒரு கண் நித்திரையும் கூடாது. தலையை ஷாம்பூ போட்டுக் கழுவி எண்ணெய் வைக்காமல் வர வேண்டும், எண்ணெய் இருந்தால் தலையில் வயர் ஒட்டாதாம். கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வைக்காமல் நான் அவரை வெளியே அனுப்பியதில்லை. தாடியை வழிக்கத் தேவையில்லை, அதைக் கேட்டபிறகுதான் மனுஷனுக்கு உயிர் வந்தது. பழகின தலையணையைக் கொண்டுவரலாம் என்றார். நான் அந்த நேர்ஸுக்கு துஆச் செய்தேன்.

கடைசி விஷயம், விரல். விரலில் ஏதோ கிளிப் மாட்டி இரவு முழுக்க இரத்தத்தில் காற்று எவ்வளவு என்று பார்ப்பார்களாம். நகத்தில் சாயம் கூடாது. உப்பு அரித்த விரலுக்கு நல்லது என்று அவருடைய நகம் எல்லாவற்றிலும் மருதோன்றி அரைத்துப் பூசி அனுப்புகிறீரே, அது எந்த ஷாம்பூவுக்கும் போகாது. என் எண்ணெய் ஒரு கழுவில் போய்விடும். உமது சாயத்தை என்ன செய்வது?

எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நேற்று உம்மிடமிருந்து பஸ்ஸில் வந்தார், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு. குளிக்கச் சட்டையைக் கழற்றினார். முதுகு முழுக்கக் கண் கண்ணாகப் பிரம்புப் பின்னலின் அச்சு. ஒரு முறை சாய்ந்து எழும்பினால் அப்படிப் பதியாது. இரவு முழுக்கக் கிடந்தால்தான் பதியும்.

அவரைக் கதிரையில் படுக்க வைக்கிறீரா? உமது வீட்டில் கட்டில் இல்லையா? அங்கே குறட்டை கேட்காததில் பிறகென்ன அதிசயம்! அந்த அச்சைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார், சொல்லவில்லை. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

கைருன்னிஸா

*

மதுரங்குளி
2025 ஆகஸ்ட் 24

ராத்தாவுக்கு,

சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள்.

கட்டில் இருக்கிறது. வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த முதிரை மரக் கட்டில், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். நான் அதில் தனியாகப் படுக்கிறேன். நிக்காஹ் முடிந்த முதல் கிழமையிலிருந்தே அப்படித்தான். "நீ படு, நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாறேன்" என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போவார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போவார். பிரம்புக் கதிரையில் சாய்ந்தபடியே விடியும். நான் உங்களுக்குப் பொய் எழுதவில்லை, குறட்டையைக் கேட்டதில்லைதான். கதவு சாத்தியிருந்தது என்பதை எழுதவில்லை. எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

முதலில் என்னில் ஏதோ குறை என்று நினைத்தேன். சென்ட் மாற்றினேன், படுக்கை விரிப்பு மாற்றினேன், அந்த ஸ்பொஞ் தலையணையும் அதற்காக வாங்கியதுதான். முதல் மாப்பிள்ளை மௌத்தாகி, விதவையாக இத்தா இருந்த பொம்பிளை, என் கட்டிலில் படுக்கப் பயப்படுகிறாரோ என்றும் நினைத்து அழுதிருக்கிறேன். போன நோன்புக்கு முன் ஒருநாள் கதவில் சாய்ந்து நின்று கேட்டேவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நான் நித்திரயில மிருகம் மாதிரிக் கத்துவேன் புள்ள. நீ பயந்திருவாய். கைருவுக்கு அது பழகிட்டு. அவளுக்கு முன்னால எனக்கு வெக்கம் இல்ல."

வெட்கம் இல்லை. உங்களுக்கு முன்னால் அவருக்கு வெட்கம் இல்லை! அதைக் கேட்ட நாளிலிருந்து நான் எரிந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் என் வீட்டு நித்திரையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்கள். நான் இந்த மூன்று வருடத்தில் அவர் நித்திரை கொள்வதைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தருவது முகம் கழுவித் தலை வாரிய மனுஷனை. வாய் திறந்து, எச்சில் வடிந்து, மூச்சுக்குத் திணறுகிற மனுஷனை உங்களுக்கென்று வைத்திருக்கிறார். விருந்தாளிக்குக் கொடுக்கிற கோப்பையில்தான் எனக்கு எப்போதும் தேத்தண்ணீர்.

அந்த இடத்தைச் சொல்லமாட்டேன் என்று எழுதினீர்களே, அவருடைய உயிரைவிட அது உங்களுக்குப் பெரிதா என்று எழுதி அடித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

மார்க்கத்தில் ஒரு மனைவி தன் இரவை மற்றவளுக்கு விட்டுக்கொடுக்கலாம். 27ஆம் திகதி இரவை உங்களுக்கு விட்டுத் தந்துவிட்டேன். பாசத்தால் இல்லை. எனக்கு முன்னால் அவர் நித்திரை கொள்ளமாட்டார், வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை கண்ணை மூடி நடிப்பார், சோதனை பிழைத்துவிடும். சாவி கிடைக்காது. அவரும் எனக்குக் கிடைக்கமாட்டார்.

விரலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவருடைய இடது கை மோதிர விரலில் நான் ஒருநாளும் மருதோன்றி வைத்ததில்லை. அதில் நீங்கள் போட்டுவிட்ட வெள்ளி மோதிரம் இருக்கிறது. அந்த விரலை நான் தொடுவதில்லை. கிளிப்பை அதில் மாட்டச் சொல்லுங்கள்.

ஃபஹ்மியா

*

கரைத்தீவு
2025 ஆகஸ்ட் 30

ஃபஹ்மியா,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

மோதிர விரலைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிளிப்பை அதில்தான் மாட்டினார்கள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், கழறவில்லை, விட்டுவிட்டார்கள்.

போய் வந்த கதையை உனக்குச் சொல்ல வேண்டும். அது உன்னுடைய இரவு, நான் கணக்கு ஒப்புவிக்காமல் இருக்க முடியாது.

அறையில் ஒரு கட்டில், மூலையில் எனக்கு ஒரு கதிரை, மேலே ஒரு கமெரா. வயர் ஒட்டியது ஒரு சிங்களப் பிள்ளை, நம் மகள் வயது. கட்டிலைச் சரிசெய்கிறேன் என்று தலையணையை எடுத்து உதறினாள். உன் கடிதம் பொத்தென்று விழுந்தது. வாசித்துவிட்டு மறுபடி உறைக்குள்ளேயே செருகியிருந்தேன், அவசரத்தில் எடுக்க மறந்துபோயிற்று. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தலையெல்லாம் வயரோடு உட்கார்ந்திருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்து வை கைரு. தபால்காரன் கடிதம் வாசிக்கிறதில்ல" என்றார். முதல் கடிதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. கடுதாசி சரசரக்கிற தலையணையில் மூன்று கிழமையாகத் தலையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

படுத்தார். நீ சொன்னது சரி, எனக்கு முன்னால் அவருக்கு வெட்கம் இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கியது. பிறகு நின்றது. என் கை தானாக எழும்பிவிட்டது. கதிரையை விட்டு எழும்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். சுவரில் இருந்த ஸ்பீக்கரில் அந்தப் பிள்ளையின் குரல் வந்தது, தொடவேண்டாம் அம்மா என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மூச்சு நிற்கிறது மகள் என்றேன். "தெரியும் அம்மா, அதைத்தான் பார்க்கிறோம். நீங்க தொட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியவராது" என்றாள்.

அல்லாஹ்வே, அந்த நேரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதே. என் கண் முன்னால் அவருடைய நெஞ்சு காற்றுக்கு அலைகிறது, நான் கையைப் பிடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தானாகவே திணறி மூச்சு எடுக்கிறார், மறுபடி நிற்கிறது. நான் இல்லாவிட்டால் அவர் செத்துப்போவார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நான் இல்லாமலும் அந்த மனுஷன் தன்பாட்டில் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், உன் வீட்டுக் கதிரையிலும்.

நடுச்சாமத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை வந்து ஒரு மாஸ்க்கை மூக்கில் வைத்துப் பட்டியைக் கட்டினாள். குழாயில் காற்று வந்தது. சத்தம் நின்றது. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. அவர் அப்படி நித்திரை கொண்டு நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கு அழுகை வந்தது. உன்மேல் இருந்த பொறாமை எல்லாம் அந்த ரப்பர் மாஸ்க்கின்மேல் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள். இருபத்தேழு வருடமாக என் கை செய்த வேலையை, அது ஒரு நிமிடத்தில் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டது.

வருத்தம் உறுதி. கடுமையாக இருக்கிறதாம். ஒவ்வொரு இரவும் மெஷின் போட வேண்டும். சில கிழமை ஒழுங்காகப் போட்டு, டொக்டர் மறுபடி பார்த்துவிட்டுக் கடதாசி தருவாராம், பிறகு சாவி. மெஷின் ஒன்றுதான், வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இனித் தலையணையோடு அதுவும் வரும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவரிடம், "மதுரங்குளிக்குப் போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "கதிரைக்குப் பக்கத்துல பிளக் இருக்கு" என்றார். பார், இவ்வளவு நடந்தபிறகும்!

கதிரையில் விடாதே. மெஷின் போட்டால் சத்தம் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கதிரையை யாருக்காவது கொடுத்துவிடு. மாஸ்க்கை முதலில் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு பட்டியைத் தலைக்குப் பின்னால் இழு. இறுக்காதே, காதுக்குமேல் புண்ணாகும். தாடிப்பக்கம் காற்றுக் கசிந்தால் கொஞ்சம் மேலே தூக்கு. மெஷின் போத்தலில் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் ஊற்று. எண்ணெய் வைத்த தலையில் பட்டி வழுக்குகிறது, அதனால் இனி எண்ணெய் இல்லை. என் பங்கில் அதுவும் போயிற்று.

நீ தந்த இரவை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. திங்கள் இரவு என்னுடையது. அதை உனக்கு விட்டுத் தருகிறேன், அவர் இங்கே வராமல் உன்னிடமே நிற்கட்டும். அவர் நித்திரை கொள்வதை ஒருமுறை ஆறுதலாகப் பார்.

அந்த இடத்தை மட்டும் இப்போதும் எழுதமாட்டேன். இனி அது யாருக்கும் தேவையில்லை. தேவையில்லாத ஒன்றையாவது நான் தனியாக வைத்திருக்கிறேன்.

உறையை மாற்றவில்லை, உன் ரோசாப்பூவோடேயே வருகிறது.

கைரு

*

மதுரங்குளி
2025 செப்டெம்பர் 2

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று, திங்கள் இரவு, நீங்கள் தந்த இரவு, அவர் கட்டிலில் படுத்தார்.

அதற்கு முன் இரண்டு இரவும் ஹோலுக்குத்தான் போனார், மெஷினையும் தூக்கிக்கொண்டு. நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கதிரையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு ஜெமீலாவிடம் கொடுத்துவிட்டேன். இஷா தொழுதுவிட்டு வந்தவர், வெறும் ஹோலைப் பார்த்துக்கொண்டு தலையணையோடு நின்றார். "கதிர எங்க?" என்றார். "கைரு ராத்தா குடுக்கச் சொன்னாங்க" என்றேன். பிள்ளைமாதிரி வந்து படுத்தார்.

நீங்கள் எழுதியபடி முதலில் மூக்கில் வைத்தேன், பிறகு பட்டியை இழுத்தேன். இறுக்கவில்லை. நான் பட்டியை முதலில் பிழையாக மாட்டியதைப் பார்த்து மாஸ்க்குக்குள் சிரித்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரம் நடித்தார், எனக்குத் தெரிந்தது. பிறகு நடிப்பு நின்றது. வாய் லேசாகத் திறந்தது, நெற்றிச் சுருக்கம் போயிற்று. மூன்று வருடத்தில் முதல்முறையாக என் புருஷன் எனக்கு முன்னால் நித்திரை கொண்டார். நான் லைட்டை அணைக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ராத்தா, நீங்கள் எழுதமாட்டேன் என்று சொன்ன அந்த இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தேடவில்லை. மூச்சு ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் விடியப்போகும் நேரம் தானாகவே இடது தோளைக் கொஞ்சம் உயர்த்தினார். சட்டை விலகி, தோள்பட்டைக்குக் கீழே இரண்டு விரல் வைக்கிற அளவு இடம் தெரிந்தது. தோளை இறக்காமல் அப்படியே வைத்திருந்தார், நித்திரையில் யாரோ தொடுவார்கள் என்று காத்திருக்கிறமாதிரி. மெஷின் மூச்சைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அவர் காத்திருந்தது மூச்சுக்கு இல்லை.

எனக்குப் பொறாமையில் கண் நிறைந்துவிட்டது. கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். நான் தொடவில்லை.

இன்று உங்களிடம் வருகிறார். மெஷின் போட்டபிறகும், ஒரு தடவை தொடுங்கள்.

ஃபஹ்மியா